குரல் கொடுத்தே மரம் ஏறுதல்

(வான்வழிக் கண்காணிப்பும் அந்தரங்க உரிமையும் குறித்த கருத்தரங்கில் நிகழ்த்திய தலைமை உரை)



எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில் ஏழு தென்னைகள் நின்றன. தேங்காய் பறிக்க வரும் பெரியவர், இடுப்பில் அரிவாளைச் செருகிக் கால்களில் தளைக்கயிற்றை மாட்டிக்கொண்ட பிறகும் உடனே ஏறிவிட மாட்டார். மரத்தடியில் நின்று, இடமும் வலமுமாக உள்ள நான்கு கொல்லைகளுக்கும் கேட்கும்படி, "மரம் ஏறுறேன் தாயீ!" என்று இரண்டு தரம் உரக்கக் குரல் கொடுப்பார். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும் பெண்கள் ஈரப்புடவையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். என் பாட்டி சமையலறை ஜன்னல் வழியாக, "ஏறு அப்பா" என்று பதில் சொன்ன பின்னரே அவருடைய பாதம் மரத்தில் படும். அவர் எவருடைய அந்தரங்கத்தையும் எட்டிப் பார்க்கும் நோக்கத்தோடு ஏறியவர் அல்லர்; தேங்காய் பறிப்பது அவருடைய தொழில்; அந்தத் தொழிலும் எங்களுக்காகச் செய்த தொழிலே. ஆயினும், உயரத்தில் இருப்பவனுக்குத் தரையில் இருப்பவர்கள் அறியாமலே அவர்களைப் பற்றி அதிகம் தெரிந்துவிடுகிறது என்பதையும், அவ்விதம் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு யாருக்கு உண்டோ அவனே முன்னதாக அறிவிக்கக் கடமைப்பட்டவன் என்பதையும், பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத அந்த மனிதர் பரிபூரணமாக உணர்ந்திருந்தார்.

இக்கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அன்பர்கள் அழைத்த நாளிலிருந்து அந்தக் குரல் என் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகள் அரசியல் சாசனத்தைக் கற்பித்தவன் நான். இந்த விஷயத்தில் பெரிய நியாயஸ்தலங்கள் பல பக்கங்கள் எழுதியும் எட்டாத ஒரு தெளிவு அந்தக் குரலில் இருந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நம் நாட்டு வீடுகளின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். தெருப்பக்கம் திண்ணை, அதற்கு உட்புறம் கனத்த கதவு, பிறகு ரேழி, அதன் பின்னரே முற்றம். அண்டை வீட்டார் பார்வைக்கு மதில். இத்தனை மறைப்புகளை ஏற்படுத்திக்கொண்ட நம் முன்னோர்கள் மேற்புறத்தை மட்டும் மறைக்கவே இல்லை. மழையும் வெயிலும் நிலவும் காக்கையும் வருகிற வழி அது. அந்த வழியாக மனிதன் வரமாட்டான் என்ற நம்பிக்கையிலேதான், சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் குடும்பம் முழுவதும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்பதும், தலைக்குக் குளித்த பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூந்தலை உலர்த்திக்கொண்டு மனம்விட்டுப் பேசுவதும், வடகத்துக்குக் காவல் இருக்கும் மூதாட்டி நிழல் பார்த்துக் கண்ணயர்வதும் இன்றளவும் நடக்கின்றன. அந்த நம்பிக்கை இப்போது நம்மைக் கேளாமலே நம்மிடமிருந்து எடுக்கப்பட்டு வருகிறது.

வேலியின் உயரத்தால் அந்தரங்கத்தை அளக்கும் முறை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அமெரிக்க வழக்கு ஒன்றைச் சொல்லுகிறேன். 1982இல் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா கிளாரா நகரப் போலீசாருக்கு, ஒருவர் தம் வீட்டுப் புழக்கடையில் கஞ்சா பயிரிட்டிருப்பதாகப் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து தகவல் வந்தது. அந்தப் புழக்கடைக்கு வெளிப்புறம் ஆறடி வேலி. உட்புறம் பத்தடி வேலி. தரையில் நின்று ஒன்றும் தெரியாதபடியால் போலீசார் தனியார் விமானம் ஒன்றில் ஆயிரம் அடி உயரத்தில் பறந்து, செடிகளைக் கண்டு, படமும் எடுத்து, அதைக் காட்டிச் சோதனை வாரண்ட் பெற்றனர். வாரண்டுக்கு முன் நடந்த அந்தப் பறத்தலே சோதனை ஆகாதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1986இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆகாது என்று தீர்ப்பாயிற்று. அந்த வான்வழியில் பறக்கும் எவரும் கீழே பார்த்தால் கண்டிருக்கக்கூடியதைப் போலீஸ்காரரும் கண்டார், அவ்வளவே என்பது தலைமை நீதிபதி வாரன் பர்கரின் வாதம். பிரயாணி ஒருவர் ஜன்னலோரம் அமர்ந்து அரைக்கணம் பார்த்து மறந்துபோகும் பார்வையும், இன்ன வீட்டை, இன்ன மனிதனை என்று தேடி வந்து கேமராவோடு வட்டமிடும் பார்வையும் ஒன்றாகுமா என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பவல் கேட்டார். அவர் கேள்விக்கு இன்றுவரை நேரான விடை வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1989இல், புளோரிடா மாநிலத்து வழக்கு ஒன்றில் ஆயிரம் அடி நானூறு அடியாகக் குறைந்தது, விமானம் ஹெலிகாப்டராயிற்று, கூரையில் இரண்டு தகடுகள் விழுந்துபோன ஒரு பயிர்க்கொட்டகையை மேலிருந்து பார்த்ததும் செல்லும் என்றாயிற்று. அதில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் தனியே எழுதிய கருத்தில் ஓர் அளவுகோலைக் கொடுத்தார்: அந்த உயரத்தில் பொதுமக்கள் வழக்கமாகப் பறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த அளவுகோல் உண்மையில் ஆபத்தானது. ஏனெனில், ஊரில் ட்ரோன்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு புதிய ட்ரோனும் யாரோ ஒருவருடைய உரிமையில் ஒரு சாண் இடத்தை அபகரித்துக்கொண்டே போகும். எவரும் சட்டம் இயற்றாமலே உரிமை தேய்ந்துவிடும். இந்த அபாயத்தை அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் கண்டுகொண்டது. அலாஸ்காவில் சிறு விமானம் என்பது நமக்குப் பேருந்து போல. ஓ'கானரின் கணக்கைப் போட்டால் அங்கே எவனுக்கும் புழக்கடை அந்தரங்கம் மிஞ்சாது. எனினும் அந்த நீதிமன்றம், வழிப்போக்கர் ஒருவர் மேலிருந்து பார்க்க நேரிடலாம் என்பதனால், தொலைநோக்கு வில்லை பொருத்திய கேமராவோடு போலீசார் வாரண்டின்றி வானேறிப் பார்க்கும் அதிகாரம் பெற்றுவிட மாட்டார்கள் என்று தன் மாநில சாசனத்தின்படி தீர்ப்புச் சொல்லிற்று.

ஆனால் உயரத்தைப் பற்றிய இந்த விவகாரம் முழுவதும் பழைய காலத்து விவகாரமாகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். கண் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை விடுத்து, அந்தக் கண் கண்டதை எவ்வளவு காலம் மறக்காமல் வைத்திருக்கிறது, யார் நினைத்தபோது அதைப் புரட்டிப் பார்க்கலாம் என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தின் கதை அதைக் காட்டும். சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

ஈராக் யுத்தத்தில், சாலையோரத்தில் வெடிகுண்டு புதைத்தவன் எங்கிருந்து வந்தான் என்பதைக் காலத்தில் பின்னோக்கிச் சென்று கண்டுபிடிப்பதற்காக, ஒரு நகரம் முழுவதையும் இடைவிடாமல் படம் பிடிக்கும் வான் கேமரா முறை ஒன்றை அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்தவர்கள் உருவாக்கினார்கள். அந்த வித்தையை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது ஒஹையோ மாநிலத்து நிறுவனம் ஒன்று. 2016இல் அதன் விமானம் பால்டிமோருக்கு மேல் பல மாதங்கள் பறந்தது. நகர மக்களுக்கும் தெரியாது, அவர்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றத்துக்கும் தெரியாது. செலவை ஏற்றவர்கள் வேறு மாநிலத்துத் தனவந்தர்கள். ஒரு பத்திரிகை வெளிப்படுத்திய பிறகே விஷயம் ஊருக்குத் தெரிந்தது. 2020 மே மாதத்தில் அதே திட்டம் வெளிப்படையாக மீண்டும் தொடங்கிற்று. ஒரு விநாடிக்கு ஒரு படம். ஒரு படத்துக்குள் 32 சதுர மைல். பகலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை. நகரத்தின் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பார்வைக்குள் அடங்கும்.

அந்தப் படத்தில் முகம் தெரியாது. மனிதன் ஒரு புள்ளி. புள்ளிதானே, இதில் அந்தரங்கம் எங்கே வந்தது என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு விடையாக, ஒரு பெண்ணின் ஒரு வாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஏழரை மணிக்கு ஒரு புள்ளி ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதவிலிருந்து புறப்படுகிறது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது நகராட்சி ஏட்டில் இருக்கிறது. அது பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு மருத்துவமனையின் பின்வாசலில் நாற்பது நிமிஷம் மறைந்து மீளுகிறது. வியாழக்கிழமை மாலை தொழிற்சங்க அலுவலகத்துக்குள் போகிறது. சனிக்கிழமை பகல் முழுவதும் வேறொரு வீட்டில் இருக்கிறது; அது யார் வீடு என்பதை அவள் தன் தாயிடமும் சொன்னதில்லை. தெருமுனைக் கேமராவில் ஒரே ஒரு தடவை அவள் முகம் பதிந்துவிட்டால் போதும், அந்தப் புள்ளிக்கு முகமும் கிடைத்துவிடும். ஒரு வாரத்துப் புள்ளியைத் தொடர்ந்தவன், அவளுடைய நோயையும் கட்சியையும் காதலையும் அறிந்துவிடுகிறான்.

இதை அமெரிக்காவின் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உணர்ந்தது. பால்டிமோரின் கறுப்பின மக்கள் நடத்தும் ஓர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 24 அன்று எட்டுக்கு ஏழு என்ற கணக்கில், தலைமை நீதிபதி ரோஜர் கிரிகரி எழுதிய தீர்ப்பு, மக்களின் நடமாட்டம் முழுவதையும் சேர்த்து வைத்து வேண்டியபோது பின்னோக்கிப் பார்ப்பதே ஒரு சோதனை, வாரண்டின்றி அதைச் செய்வது சாசனத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. அதற்கு அடிப்படையாக அமைந்தது 2018ஆம் ஆண்டின் கார்ப்பென்டர் தீர்ப்பு. அந்த வழக்கில் ஒரு மனிதனின் கைப்பேசி 127 நாட்களில் 12,898 தடவை தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்திருந்தது. அந்த விவரங்களை வாரண்டின்றிப் பெற்றது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தனித்தனியே பார்த்தால் தெருவில் எவர் கண்ணிலும் படும் அடிகள்தாம். கோத்துப் பார்த்தால் அது ஒருவனுடைய வாழ்க்கை வரலாறு.

இங்கே காவல்துறை நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. பால்டிமோரில் 2019 ஒரே ஆண்டில் 348 கொலைகள் நடந்தன. சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் நகரம் அது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கொன்றவன் எந்தச் சந்து வழியே ஓடினான் என்பதை ஒரு விமானம் சொல்லுமானால் அது பறக்கட்டும் என்றுதானே சொல்லுவாள்? சொல்லுவாள், அந்தத் தாய்க்கு எதிராக வாதிட இங்கே எவரும் கூடவில்லை. ஆனால் அவளுடைய மகனைக் கொன்ற ஒருவனைத் தேட ஆறு லட்சம் பேரின் நடமாட்டத்தை நாற்பத்தைந்து நாள் சேமித்து வைத்தார்கள் என்பதையும், அந்த ஆறு லட்சத்தில் அந்தத் தாயும் ஒருத்தி என்பதையும், அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. கொலை நடந்த தெருவை, நடந்த நேரத்தை, ஒரு நீதிபதியிடம் காட்டி அனுமதி பெற்றுப் பார்ப்பது வேறு. என்றோ நடக்கக்கூடிய குற்றத்துக்காக ஊரையே இன்று எழுதி வைப்பது வேறு.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1962இல் உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் வழக்கில், சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவரின் வீட்டுக் கதவைப் போலீசார் நடுராத்திரியில் தட்டுவது தவறு என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. ஆனால் அவரை மறைந்திருந்து கண்காணிப்பதும் நடமாட்டத்தைக் குறித்து வைப்பதும் எந்த உரிமையையும் பாதிக்கவில்லை என்று விட்டுவிட்டது. முன்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் வீற்றிருந்த கோகா சுப்பாராவ் அதற்கு உடன்படவில்லை. உடம்பைக் கட்டிப்போடாமலே மனத்தைக் கட்டிப்போட முடியும். ஓயாமல் பார்க்கப்படுகிறவன் கால்போன போக்கில் நடந்தாலும் சுதந்திரமாக நடக்கவில்லை என்ற கருத்தை அவர் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். ட்ரோன் என்ற சொல்லே நம் மக்கள் காதில் விழாத காலத்தில் எழுதியது அது. இன்று வாசித்தாலும் நமக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. அவர் கண்ட நியாயம் சட்டமாக ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்பது அதன் சாரம்.

முதலாவதான அந்தச் சட்டம் எங்கே? 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளை எடுத்துப் பாருங்கள். 250 கிராமுக்குக் குறைந்தது எந்த வகை, எந்த மண்டலம் பச்சை, எது சிவப்பு, ஓட்டுபவருக்கு என்ன சான்றிதழ் என்றெல்லாம் அவை பேசுகின்றன. அந்த இயந்திரத்தின் வயிற்றில் தொங்கும் கேமரா யார் வீட்டு மாடியைப் பார்க்கலாம், பார்த்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைப் பேசவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது என்று ஆவலோடு திறந்தால், குற்றத் தடுப்புக்கும் புலன்விசாரணைக்கும் பெரும்பகுதி விலக்கு. அரசு அமைப்புகளை முழுமையாகவே விலக்கி அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம். விதி வானூர்தியைப் பார்த்தது. சட்டம் தரவைப் பார்த்தது. நடுவிலே நிற்கும் மனிதனைப் பார்க்க ஒருவரும் இல்லை.

2020 ஏப்ரல் மாதத்து ஊரடங்கில் திருப்பூர்ப் பக்கத்தில் நடந்ததை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள், போலீஸ் ட்ரோன் தலைக்கு மேல் வந்ததும் சிதறி ஓடினார்கள். ஒருவர் கேரம் பலகையாலேயே தம்மை மறைத்துக்கொள்ளப் பார்த்தார். அந்தக் காட்சிக்குச் சினிமா நகைச்சுவை வசனம் சேர்த்து வெளியிட்டார்கள், நாடே சிரித்தது. ஊரடங்கை மீறியது தவறு. அதற்கு அபராதம் உண்டு, வழக்கு உண்டு. ஆனால் ஊரார் சிரிப்பதற்காக ஒருவரை அவர் ஊர்த் தெருவில் ஓடவிட்டுக் காட்டும் தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்தப் பலகையைத் தூக்கிய கையை நான் மறுபடி மறுபடி பார்த்தேன். வானத்துக்கும் தமக்கும் நடுவே வைக்க அவருக்கு வேறு ஒன்றும் அகப்படவில்லை.

2023இல் சென்னைக் காவல்துறைக்கு ட்ரோன் பிரிவு ஒன்றே ஏற்பட்டுவிட்டது. அதை நான் குறைகூறவில்லை. கடலில் அடித்துச் செல்லப்படுபவரைத் தேடவும், வெள்ளத்தில் மாடியில் தவிப்பவரைக் காணவும், தேர்த் திருவிழாவில் நெரிசல் எங்கே என்று பார்க்கவும் அதைவிடச் சிறந்த துணை இல்லை. உயிரைக் காக்கப் பறக்கும்போது வாரண்ட் கேட்பவன் அறிவீனன். ஆனால் கருவி வந்துவிட்டது, சட்டம் வரவில்லை என்ற நிலை நீடிக்கலாகாது. பிரான்ஸ் தேசத்தில் இதே ஊரடங்குக் காலத்தில், 2020 மே 18 அன்று, அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், சட்ட ஆதாரம் இல்லாமல் பாரிஸ் நகரில் போலீஸ் ட்ரோன் பறக்கக்கூடாது என்று நிறுத்திவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்ப்பாட்டங்களைக் கண்காணிக்கும் ட்ரோன்களையும் நிறுத்தியது. அரசாங்கம் அவசரமாகக் கொண்டுவந்த சட்டப் பிரிவை 2021 மே மாதத்தில் அரசியல் சாசன மன்றம் போதாதென்று தள்ளியது. 2022இல் நிறைவேறிய சட்டத்தில், வீடுகளின் உட்புறத்தைப் படம் எடுக்கலாகாது, வாசல்களைக் குறிவைத்தும் எடுக்கலாகாது, ஒலி பதியலாகாது, முகம் அறியும் கருவி சேர்க்கலாகாது, ஏழு நாளுக்கு மேல் படத்தை வைத்திருக்கலாகாது என்று வந்தது. மூன்று தடவை தடுக்கப்பட்ட பின் எழுதிய சட்டமாதலால் அதில் இத்தனை கவனம். அதிலும் அனுமதி அளிப்பவர் நீதிபதி அல்லர், அரசாங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி. அந்தக் குறையை நாம் பின்பற்ற வேண்டாம்.

நாம் இயற்றும் சட்டத்தில் ஒரு விஷயம் அமெரிக்காவைப் பார்த்து எழுத முடியாதது. அங்கே தவறாகச் சேகரித்த சான்றைப் பொதுவாக நீதிமன்றம் ஒதுக்கிவிடும்; அதனால் போலீசாருக்கு ஒரு தயக்கம் உண்டு. இங்கே 1973இன் பூரன்மல் தீர்ப்பு தொட்டு, சோதனை சட்டவிரோதமானாலும் கிடைத்த சான்று செல்லும் என்பதே நடைமுறை. ஆகவே, 'வாரண்ட் வேண்டும்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கினால் பயனில்லை. வாரண்டின்றி எடுத்த வான்படத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்றும், எடுத்தவர் சொந்தப் பொறுப்பில் விளக்கம் சொல்ல வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கலாம் என்றும் அதே சட்டத்தில் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். இந்தப் பல் இல்லாத சட்டம் நமக்கு வேண்டாம்.

நாளை பிற்பகல் அமர்வில் மாதிரி மசோதா ஒன்றை நீங்கள் பரிசீலிக்கப் போகிறீர்கள். அதில் படங்களை வைத்திருக்கும் கால அளவுக்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. பால்டிமோரில் 45 நாள். பிரான்சில் 7 நாள். என் அபிப்பிராயத்தில் ஏழு நாளே போதும்: வழக்குப் பதிவான சம்பவத்துக்குரிய துண்டை நீதிமன்ற அனுமதியோடு தனியே எடுத்து வைக்கலாம்; மற்றவற்றை ஏழாம் நாள் அழித்து, அழித்த குறிப்பை மாவட்ட நீதிபதியிடம் சேர்த்துவிட வேண்டும். அதற்கு முன்னதாக, இன்று காலை அமர்வில், அம்மசோதாவின் மூன்றாம் பிரிவை முதலில் எடுத்துக்கொள்ளும்படி உங்களை வேண்டுகிறேன். உயிர் ஆபத்து நீங்கலான எந்தச் சமயத்திலும், காவல்துறை எந்தப் பகுதியில், எந்தத் தேதியில், எதற்காக ட்ரோன் பறக்கவிடுகிறது என்பதை அந்தப் பகுதி மக்களுக்கு முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. நீதிபதியின் ரகசிய வாரண்டோடு நடக்கும் தேடலுக்கும், அது முடிந்த பின் உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும். வாசகம் இன்னும் செப்பமாக அமையவில்லை. காவல்துறை அதிகாரிகளும் உடன் அமர்ந்து அதைத் திருத்தித் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.